அருகிருந்து காணும் அரங்கு

இரவு உணவு முடிந்து ஊர் அடங்கத் தொடங்கும் வேளை. வயல்வெளிக்கு அப்பாலிருந்து மத்தள ஒலி கேட்கின்றது. முதலில் ஒன்றிரண்டு தட்டுகள். பின்னர் ஓர் இடைவெளி. அதன்பின் விட்டுவிடாது முழங்கும் ஒலி. மட்டக்களப்பு நாட்டின் பழைய கிராமங்களிலே இவ்வொலி காதில் விழுந்ததும், அது என்ன ஒலி என்று வினவுவார் எவரும் இலர். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும், உறங்கும் குழந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டும், வெற்றிலைப் பையை மடியிற் செருகிக்கொண்டும் வீடு வீடாகப் புறப்படுவர். அவர்கள் செல்வது கூத்துப் பார்ப்பதற்கு. செல்லவேண்டிய தூரம் கூப்பிடு தூரம். அன்றிரவு அரசனாக வரப்போகிறவன் அயல்வீட்டுக்காரன்.

நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனை எழுதியவரைப் பற்றிப் பேசுவர். நடித்தவரைப் பற்றிப் பேசுவர். ஒப்பனையையும் ஒளியையும் பற்றிப் பேசுவர். பாயோடு சென்று களரியோரத்தில் அமர்ந்திருக்கும் மனிதனைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் அவன் இன்றி நாடகம் இல்லை. அவன் எங்கே அமர்ந்திருக்கிறான், நடிகனுக்கும் அவனுக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருக்கின்றது, அத்தூரத்தினால் அவனுக்கு வாய்ப்பது என்ன, அவன்மீது விழும் கடமை என்ன என்பனவே இன்றைய பேச்சுக்குப் பொருளாக அமைகின்றன.

அரங்கு பெரிதாக இருத்தலே சிறப்பு என்ற எண்ணம் பலரிடத்து உண்டு. பண்டைக் கிரேக்க நாட்டிலே, எப்பிடோரசு என்னும் ஊரில் மலைச்சரிவைக் குடைந்து அமைக்கப்பட்ட கல்லரங்கிலே 10,000 பேருக்கு மேல் அமர்ந்து நாடகம் காண முடிந்தது. அத்துணைப் பெரிய அரங்கிலே நடிகனது முகக்குறிப்புக் கடைசி வரிசைக்குத் தெரியாது. ஆதலின் கிரேக்க நடிகன் முகமூடி அணிந்தான். பெருங்குரலும் பெருஞ்சைகையும் அவனுக்குத் துணையாயின. அது தன்னளவிலே மாபெருங் கலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணோரத்தில் அரும்பும் நீரும், சொல்ல வந்த சொல்லை விழுங்கும் தொண்டையின் அசைவும் அங்கே இடம்பெறல் அரிது.

இந்திய நாட்டு நாடக நூலோர் இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டிருந்தனர். பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம், மானிடர்க்கு ஏற்ற நாடக மண்டபம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடையதாக இருத்தல் நன்று என்கின்றது. அதிலும் ஏறக்குறையப் பாதி மேடைக்கும் ஒப்பனைக்கும் போக, மறுபாதியே காண்போருக்கு உரியது. இதனினும் பெரிதாக மண்டபம் கட்டினால் பேச்சின் தெளிவு கெடும் என்றும், முகத்திலே தோன்றும் மெய்ப்பாடுகள் மங்கிப்போகும் என்றும் அந்நூல் காரணமும் காட்டுகின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தொடரும் இந்தக் காரணம் இன்றும் மாறவில்லை. மனித முகத்தின் அளவும் மாறவில்லை. மனிதக் கண்ணின் ஆற்றலும் மாறவில்லை.

தமிழிலே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கின் அளவைச் சொல்கின்றது. பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. பெருவிரலின் அகலத்தை ஓரங்குலமாகக் கொண்டால், மாதவி ஆடிய அரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது என்றாகும். இன்று பாடசாலை ஒன்றிலே வகுப்பறைக்கென ஒதுக்கும் இடத்தினும் அது சிறிது. பூம்புகார் என்னும் பெருநகரிலே, சோழ மன்னன் முன்னிலையிலே நிகழ்ந்த அரங்கேற்றத்துக்கு இவ்வளவே போதுமானதாயிருந்தது. தூண்களின் நிழல் ஆடுபவள்மீதும் காண்பவர்மீதும் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும் என்னும் நுட்பத்தையும் இளங்கோவடிகள் மறவாது கூறுகின்றார். நிழல்பற்றிக் கவலைப்படுவது அருகிலிருந்து பார்க்கும் அரங்கிலேதான்.

இனி, மட்டக்களப்பின் வட்டக்களரிக்கு வருதல் பொருந்தும். ஊர்ப் பொதுவெளியிலே மண்ணை வெட்டிக் கொட்டி, சற்றே உயர்த்தி, வட்டமாகச் சமன்செய்து களரி அமைப்பர். சுற்றிலும் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டுவர். கம்புகளிலே விளக்குகள் தொங்கும். முன்னாளிலே பந்தமும் எண்ணெய் விளக்கும் எரிந்தன, பின்னர்ப் பெற்றோமக்ஸ் வந்தது, அதன்பின் மின்விளக்கு. விளக்கு மாறினும் வட்டம் மாறவில்லை. நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். அண்ணாவியார் மத்தளத்துடன் களரியிலேயே நிற்பார். அவரருகே சல்லரி போடுபவர், பிற்பாட்டுப் பாடுபவர், ஏடு பார்ப்பவர் ஆகியோர் நிற்பர். மறைவான பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை.

இந்த அமைப்பின் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். படச்சட்டம் போன்ற மேடையிலே நடிகனுக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு; முகத்தைச் சபைக்குக் காட்டி, முதுகைத் திரைச்சீலைக்குக் காட்டி நடித்துவிடலாம். வட்டக்களரியிலே முதுகும் நடிக்கவேண்டும். வரவு ஆடி வருகின்ற அரசன் ஒரு திசைக்கு மட்டும் அரசனாக இருந்தாற் போதாது. களரியைச் சுற்றி ஆடி, எல்லாத் திசைக்கும் அரசனாதல் வேண்டும். கால் தடுமாறினால் ஏதேனும் ஒரு பக்கத்திலே அதனைக் கண்ட கண் இருக்கும். மூச்சு வாங்கினால் அது முன்வரிசைக்குக் கேட்கும். இத்தனைக்கும் வடமோடிக் கூத்திலே அரசவேடம் பூண்டவன் கரப்புடுப்பையும் முடியையும் சுமந்துகொண்டு, பாடிக்கொண்டே ஆடவேண்டியவன்.

பார்ப்பவனும் அவ்வாறே மறைந்திருக்க இயலாது. களரியின் ஒளி எதிர்ப்புறத்தே அமர்ந்திருப்போரின் முகங்களிலும் படும். துரியோதனன் சூது பேசும்போது எதிரே இருக்கும் கிழவர் பல்லைக் கடிப்பதும், திரௌபதி புலம்பும்போது ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் மற்றையோருக்குத் தெரியும். கூத்தைப் பார்ப்பவன், கூத்தைப் பார்ப்பவர்களையும் சேர்த்தே பார்க்கின்றான். தனக்கு வந்த துயரம் தன்னுடையது மட்டுமன்று என்பதை அந்த ஒளியிலே அவன் கண்டுகொள்கின்றான்.

இன்னொன்றும் உண்டு. கூத்து ஓரிரவிலே பிறப்பதன்று. முதலிலே சட்டம் கொடுத்தல். அஃதாவது, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று முடிவு செய்து, அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் கொடுத்தல். அதன்பின் மாதக்கணக்கிலே இரவுதோறும் பழக்கம். பகலிலே வயலில் நின்றவர்களும் ஆற்றிலே வலை வீசியவர்களும் இரவிலே வந்து தாளக்கட்டைப் பயில்வர். பின்னர்ச் சதங்கை அணிதல் என்னும் சடங்கு; அதன்பின் அடுக்குப் பார்த்தல்; முடிவிலே அரங்கேற்றம்; அதற்குப் பின்னர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். இத்தனை படிகளிலும் ஊரவர் பார்வையாளராக வந்து போகின்றனர். எந்த இளைஞனுக்கு எந்தத் தாளக்கட்டு வராமல் அண்ணாவியாரிடம் ஏச்சு வாங்கினான் என்பது ஊருக்குத் தெரியும். அரங்கேற்றத்தன்று அதே தாளக்கட்டை அவன் வழுவாது ஆடி முடிக்கும்போது, அவனது தாய்க்கு மட்டுமன்றி ஊருக்கே மூச்சு வருகின்றது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வேலி எல்லைபற்றி ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தையின்றி இருக்கும் இரண்டு அயலவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கர்ணனாக ஆடுகின்றான். மற்றவன் களரியோரத்திலே பாய் விரித்து அமர்ந்திருக்கின்றான். நள்ளிரவு கழிந்து, தன் பிறப்பை அறிந்தும் நண்பனைக் கைவிட மறுக்கும் கட்டத்தை முதல்வன் பாடுகின்றான். பத்தடி தூரத்திலே அவனது குரல் தழுதழுப்பது கேட்கின்றது. அமர்ந்திருப்பவன் அழுகின்றான். அவன் அழுவது கர்ணனுக்காகவா, அயலவனுக்காகவா? அவனுக்கே அது விளங்காது. போர் முடிந்து வீரன் வீழும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மறுநாள் வேலித் தகராறு தீர்ந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் மறுநாள் வேலிக்கப்பால் நிற்பவனைப் பார்க்கும் பார்வையிலே முன்பு இல்லாத ஒன்று சேர்ந்திருக்கும். அருகிருந்து காணும் அரங்கு மனிதருக்குச் செய்யும் நன்மை இது. இதனை எத்துணைப் பெரிய மண்டபமும், எத்துணைப் புகழ்பெற்ற நடிகரும் இவ்வாறே செய்துவிட முடியாது.

மலையகத் தோட்டங்களிலே ஆடப்படும் காமன் கூத்தும் இத்தகையதே. மாசி, பங்குனிக் காலத்திலே ரதியும் மன்மதனும் லயத்து மக்களின் நடுவிலேயே தோன்றுகின்றனர். பகலெல்லாம் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ஏந்திய கைகளுக்கு உரியவர்களே இரவிலே ஆடுபவர்களும் காண்பவர்களும். தென்னிந்தியாவிலிருந்து வந்த மூதாதையர் கையிலே வேறு செல்வம் கொண்டுவரவில்லையாயினும் இக்கதையைக் கொண்டுவந்தனர். அதற்கென்று கட்டடம் எழுப்பப்படவில்லை, நுழைவுச்சீட்டு அச்சிடப்படவில்லை. காமன் பொட்டலும் கூடி நிற்கும் மக்களுமே அதற்கு அரங்கு.

எனினும் பழைய களரியைக் குறையற்றதாகக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர். ஊரின் பாதிப்பேர் களரியில் ஏறாமலே வாழ்ந்து முடிந்தனர். சாதி வேற்றுமை கூத்தின் வாயிலிலும் நின்றது. யார் எங்கே ஆடுவது, யார் எங்கே அமர்வது என்பவற்றை அது தீர்மானித்த காலம் உண்டு. அருகில் இருத்தல் என்பது சிலருக்கே அருகில் இருத்தல் என்று ஆகுமிடத்து அதன் பயன் குன்றிவிடுகின்றது. அந்தக் குறையையும் அரங்கே பின்னாளிலே எடுத்துப் பேசிற்று. 1960களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘கந்தன் கருணை’ கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் துணையாகக் கொண்டு மேடையேறியது. கூத்து, தான் விலக்கி வைத்தவர்களின் வழக்கைத் தானே எடுத்துரைக்கவும் கற்றுக்கொண்டது.

இனி ஐரோப்பாவிலே நிகழ்ந்த ஒரு முயற்சியைச் சிறிது பார்த்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அங்கே அரங்குகள் பெருத்துவிட்டன. பொன்முலாம் பூசிய மாடங்களும், நகரத்துச் செல்வர் தம் ஆடையணிகளைக் காட்டுதற்கான இருக்கைகளும் மிகுந்தன. சுவீடன் நாட்டு நாடகாசிரியர் ஓகஸ்ட் ஸ்ட்ரின்ட்பேர்க் இதனால் மனங் கசந்தார். 1888ஆம் ஆண்டு தாம் எழுதிய ‘மிஸ் ஜூலி’ நாடகத்தின் முன்னுரையிலேயே, சிறிய மேடையும் சிறிய மண்டபமும் கிடைக்குமானால் புதிய நாடகம் ஒன்று பிறக்கக்கூடும் என்ற கருத்தை அவர் வெளியிட்டிருந்தார். அந்த ஆசை நிறைவேறப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

1907ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் ஸ்ரொக்ஹோம் நகரிலே, ஓகஸ்ட் பால்க் என்னும் இளம் நடிகருடன் சேர்ந்து அவர் அச்சிற்றரங்கைத் திறந்தார். இருக்கைகள் 161. ‘நெருங்கிய அரங்கு’ என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். அங்கே மதுபானம் விற்றல் கூடாது. நாடகம் நீண்டு சபையோரைக் களைப்படையச் செய்தல் கூடாது. நடிகர் குரலை உயர்த்தி முழங்கத் தேவையில்லை. அவ்வரங்கை மனத்திற் கொண்டு ஸ்ட்ரின்ட்பேர்க் 1907ஆம் ஆண்டிலே எழுதிய நாடகங்கள் ‘அறை நாடகங்கள்’ என்று வழங்கின. சில இசைக்கருவிகளைக் கொண்டு சிறு அறையிலே வாசிக்கும் இசைபோல, சில மனிதரைக் கொண்டு சிறு அரங்கிலே வாழ்க்கையை வாசித்துக் காட்டுவன அவை.

அந்த அரங்கு மூன்றாண்டுக் காலமே நிலைத்தது. 1910ஆம் ஆண்டிலே பணமுடையாலும் பிணக்குகளாலும் மூடப்பட்டது. இதிலே ஒரு பாடம் உண்டு. 161 இருக்கைகள் நாள்தோறும் நிறைந்தாலும் 161 சீட்டுகளின் பணமே வரும். விளக்குக்கும் வாடகைக்கும் நடிகருக்கும் ஆகும் செலவோ மண்டபம் சிறிதென்பதற்காகச் சிறிதாகிவிடுவதில்லை. பெரிய அரங்கிலே நூறு பேர் வராவிட்டால் எவரும் கவனியார். சிற்றரங்கிலே பத்துப் பேர் வராவிட்டால் அந்தப் பத்து வெற்றிடங்களையும் நடிகன் தன் கண்ணாலே காண்கின்றான். சிற்றரங்கின் வாழ்வு அருகில் வாழ்வோரின் கால்களிலே தங்கியிருக்கின்றது. அவர்கள் நடந்து வந்தால் அது வாழும். வராவிட்டால் வேறு எவரும் அதனைக் காப்பாற்ற வரமாட்டார்கள். மட்டக்களப்புக் களரிக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக இருந்தது. அங்கே ஊரே செலவையும் சுமந்தது, ஊரே ஆடியது, ஊரே பார்த்தது.

இலங்கையிலே புதிய நாடகம் வேரூன்றியபோதும் மிகப் பெரிய மண்டபமொன்று தேவைப்படவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆம் நாள் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவர்களின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே முதன்முதலாக மேடையேறியது. 1953ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அவ்வரங்கு சில நூறு பேருக்கே இடங்கொடுப்பது. ‘மனமே’ நாடகம் சிங்கள நாடகம என்னும் பழைய ஆடல்வகையைத் தழுவியது; அந்த நாடகமவோ கரையோரப் பகுதிகளிலே வழங்கிய தமிழ்க் கூத்தோடு உறவுடையது. ஒரு மொழியினரின் களரியிலே ஒலித்த மத்தளம் மற்றொரு மொழியினரின் களரியிலும் எதிரொலித்த வரலாறு அது. இரு சாராரும் மறவாதிருத்தற்குரியது.

அந்த எழுச்சி தமிழ்க் கூத்தையும் தட்டி எழுப்பிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடியவிடிய ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் அடங்குமாறு சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962ஆம் ஆண்டிலே ‘கர்ணன் போர்’, 1963ஆம் ஆண்டிலே ‘நொண்டி நாடகம்’, 1964ஆம் ஆண்டிலே ‘இராவணேசன்’, 1967ஆம் ஆண்டிலே ‘வாலி வதை’ எனத் தொடர்ந்தன அவருடைய தயாரிப்புகள். நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என்று இகழப்பட்ட கூத்தைப் படித்தவர் எழுந்து நின்று பாராட்டியது அக்காலத்திலேதான்.

ஆயினும் வட்டம் சட்டத்துள் புகுந்தபோது ஒன்று மாறிவிட்டது. நாற்புறமும் இருந்தவர்கள் ஒரு புறத்துக்கு வந்துவிட்டனர். எதிரே இருப்பவரின் முகம் மறைந்து, முன்னே இருப்பவரின் தலைமயிரே தெரியலாயிற்று. பெற்ற பேறும் பெரிது. இழந்த இழப்பும் சிறிதன்று. பிற்காலத்திலே மட்டக்களப்பு சீலாமுனை போன்ற ஊர்களிலே, கூத்தை அதன் ஊரிலேயே வைத்து, ஊராருடன் பேசி, பெண்களின் நிலைபற்றியும் சாதிபற்றியும் கேள்வி எழுப்பி மீளுருவாக்கம் செய்யும் முயற்சிகள் எழுந்தமை இவ்விழப்பை உணர்ந்ததன் விளைவு எனலாம்.

துன்பக் காலத்திலே சிற்றரங்கின் பயன் இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. 1985ஆம் ஆண்டிலே, குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணத்திலே மேடையேறியது. வெளியே போர் மூண்டிருந்த காலம் அது. தம் வீட்டிலே நிகழ்ந்ததையே மேடையிலும் கண்ட மக்கள், தாம் வீட்டிலே அழ அஞ்சிய அழுகையை அங்கே அழுதனர். பலர் கூடி, ஒரே காற்றைச் சுவாசித்து, தமக்கு நேர்ந்ததைத் தாமே பார்த்தல் என்பது ஒரு மருந்து. அந்த மருந்தைத் தனித்து அருந்த இயலாது.

இந்த இடத்திலே வானொலி நேயர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பலாம். வானொலி நாடகமும் அருகிலிருந்து கேட்பதுதானே. நடிகனின் குரல் காதருகிலேயே ஒலிக்கின்றதே என்று அவர் வினவலாம். உண்மையே. ‘சானா’ என்று அன்புடன் அழைக்கப்பட்ட சண்முகநாதன் அவர்கள் வளர்த்த இலங்கை வானொலி நாடகமும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற படைப்புகளும் யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பேச்சை வீட்டின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் வானொலிக்குக் குரல் உண்டு, செவி இல்லை. நேயர் விட்ட பெருமூச்சு ஒலிவாங்கிக்குக் கேளாது. வெண்திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இது பொருந்தும். அவை ஒருவனைப் பார்க்கச் செய்கின்றன, அவனைப் பார்ப்பதில்லை. சிற்றரங்கிலோ நடிகனும் சபையைக் கேட்டுக்கொண்டே நடிக்கின்றான். மௌனம் ஆழ்ந்ததாயின் அவன் குரலைத் தாழ்த்துகின்றான். சிரிப்பு எழுந்ததாயின் அது தணியும்வரை காத்திருக்கின்றான். நேற்று ஆடிய நாடகமும் இன்று ஆடுகின்ற நாடகமும் ஒன்றல்ல. ஏனெனில் நேற்று வந்தவர்களும் இன்று வந்தவர்களும் ஒருவரல்லர்.

ஆதலின் சிற்றரங்குக்குச் செல்பவருக்குச் சில கடமைகள் உண்டு. அவை எங்கும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஆயினும் நல்ல சுவைஞர் அறிந்தவை.

முதலாவது, நேரத்துக்குச் செல்லுதல். பெரிய மண்டபத்திலே பிந்தி வருபவர் இருளிலே நுழைந்து அமர்ந்துவிடலாம். ஐம்பது பேர் கூடிய அறையிலே ஒருவர் பிந்தி வந்தால் ஐம்பது தலைகளும் திரும்பும். ஐம்பத்தோராவது தலை நடிகனுடையது.

இரண்டாவது, மௌனம். இதன் பொருள் உணர்ச்சியை அடக்குதல் அன்று. சிரிக்கவேண்டிய இடத்திலே சிரித்தலும் அழவேண்டிய இடத்திலே அழுதலும் நடிகனுக்கு உணவு. பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்லுதலும், கைப்பேசியின் ஒளியை எழுப்புதலுமே தவிர்க்கப்பட வேண்டியவை. சிறிய இருளிலே அச்சிறிய ஒளி நடிகனின் கண்ணிலே முள்ளாகக் குத்தும். நாடகத்தைப் படம்பிடித்துக்கொண்டிருப்பவர் நாடகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எண்ணுகின்றார். பிறகு பார்ப்பது படமேயன்றி நாடகம் அன்று.

மூன்றாவது, குற்றங் காணுமிடத்துக் காட்டவேண்டிய பொறுமை. ஊர் அரங்கிலே ஒப்பனை கலையும், திரை பாதியிலே சிக்கிக்கொள்ளும், மின்சாரம் நின்றுபோகும், நடிகன் ஒரு வரியை மறந்து விழிப்பான். அப்போது சபையிலே எழும் ஏளனச் சிரிப்பு அவனை வீழ்த்திவிடும். அப்போது நிலவும் மௌனம் அவனைத் தூக்கி நிறுத்தும். வரியை மறந்த நடிகன் அதனைத் தேடி எடுக்கும்வரை ஓர் ஊர் முழுவதும் அசையாது காத்திருக்குமாயின், அந்த ஊர் நாகரிகமுடைய ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நான்காவது, உண்மை பேசுதல். நாடகம் முடிந்தபின் எல்லாம் நன்று என்று கூறிச் செல்வது அன்பு அன்று. எது மனத்தைத் தொட்டது, எது தொடவில்லை என்று நடிகனிடத்து நேரே கூறும் உரிமை சிற்றரங்கிலே உண்டு. ஏனெனில் மறுநாட் காலை அவனைச் சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ காணலாம். பழைய அண்ணாவிமார் இத்தகைய பேச்சிலேயே வளர்ந்தனர். களரியோரத்துக் கிழவர் ஒருவர் அளித்த கண்டனம் அவர்களுக்குப் பத்திரிகை விமரிசனத்தினும் மேலானதாயிருந்தது.

ஐந்தாவது, பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல். இந்நாட்டுப் பாடசாலைகளிலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. தமிழ்த்தினப் போட்டிகளிலே மாணவர் ஆண்டுதோறும் நாடகம் ஆடுகின்றனர். ஆயினும் நாடகத்தைப் பாடநூலிலே படித்துப் பரீட்சையிலே எழுதிய பிள்ளை, ஒரு நாடகத்தையேனும் பத்தடி தூரத்திலே அமர்ந்து பார்த்ததில்லை என்றால், அது நீந்தும் முறையைக் கரும்பலகையிலே கற்ற கதைதான். பாடசாலை மண்டபத்தின் மேசைகளை ஒதுக்கிவிட்டு, தரையிலே பாய் விரித்து, நடுவிலே இடம் விட்டால் அங்கே ஓர் அரங்கு பிறந்துவிடுகின்றது. அதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு, மனச்செலவே வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. கூத்து ஆடிய ஊர்கள் பலவற்றிலே இன்று களரி இருந்த இடம் வெறுந்தரையாக இருக்கின்றது. போர் சிலரைப் பெயர்த்துக் கொண்டுபோயிற்று. பிழைப்பு வேறு சிலரைக் கடல் கடக்கச் செய்தது. எஞ்சியிருப்போரின் மாலைப் பொழுதை வீட்டுக்குள் ஒளிரும் திரைகள் எடுத்துக்கொண்டன. ஒரு கூத்துக்கு வேண்டிய ஆட்கள் ஊரிலே இருந்தும், மாதக்கணக்கிலே இரவுதோறும் வந்து பழகுதற்கு அவர்களுக்கு ஓய்வு இல்லை. ஓய்வு உடையோர்க்கோ, பார்க்க வருவார் உண்டோ என்ற ஐயம். அண்ணாவியார் ஒருவர் இறக்கும்போது அவரோடு எத்தனையோ தாளக்கட்டுகள் மண்ணுக்குள் போகின்றன. ஏட்டிலே எழுதப்பட்ட பாட்டு எஞ்சியிருக்கலாம். அதனை எந்தக் காலை எடுத்து வைத்து ஆடுவது என்பதை ஏடு சொல்லாது.

கலைகளைக் காக்கும் கடமையை அரசாங்கத்தின்மீதும் பல்கலைக்கழகங்களின்மீதும் சுமத்திவிடுதல் எளிது. அவை செய்யவேண்டியவை பல உண்டு, செய்துமுள்ளன. ஆனால் சிற்றரங்கின் முன்வரிசையிலே வந்து அமரும் வேலையை எந்தத் திணைக்களமும் செய்ய முடியாது. அதனைச் செய்யவல்லவர் அந்தத் தெருவிலே குடியிருப்பவரே. நடிகன் தன் பங்குக்கு மாதக்கணக்கிலே உழைத்துக் களரிக்கு வந்து நிற்கின்றான். எஞ்சியிருக்கும் பங்கு ஒரு மாலைப் பொழுது; சில நூறு அடி நடை; ஒரு பாய் விரிக்கும் இடம்.

ஆகவே, நேயர்களின் ஊரிலே, பாடசாலை மண்டபத்திலோ கோயில் வீதியிலோ சனசமூக நிலையத்தின் முற்றத்திலோ நாடகம் ஒன்று நடைபெறுகின்றது என்று கேள்விப்படுமிடத்து, நடிப்பவர் யார் என்று வினவ, அயல்வீட்டுப் பையன்தான் என்று விடை வருமாயின், அதுவே செல்லுதற்குரிய காரணமாகுக. அவனைப் பகலிலே பல தடவை கண்டிருக்கலாம். இரவிலே, ஒளி வட்டத்துக்குள், வேறொருவனாக அவன் எழுந்து நிற்கும் அந்தக் கணத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். அக்கணத்திலே அவன் பத்தடி தூரத்தில் நிற்பான். அவன் முதலிலே தேடுவது கதாநாயகியின் முகத்தை அன்று. தன் ஊரவரின் முகத்தையே. அந்த முகம் அங்கே இருத்தல் வேண்டும்.